தொட்டி காலியாகும் வரைக்கும்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி தெருவில், கடையில், கட்டிய பெண்டாட்டிக்குக் கோபம் வரும்போது வீட்டில், எல்லா இடத்திலும் அவன் ரெஞ்சுதான்.

இருபத்தைந்து வருஷமாகக் குழாய் வேலை, கையில் பிடித்த ரெஞ்சே பேராகிவிட்டது. மற்ற பிளம்பர்கள் குழாயைத் திருகுவார்கள். ரெஞ்சு அதனுடன் பேசுவான். இரண்டு விரலை அதன் கழுத்தில் வைத்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். "உள்ள வாசர் தேஞ்சிருக்கு, ஒரு மண்ணு வேற மாட்டியிருக்கு" என்பான். திறந்து பார்த்தால் மண் இருக்கும். இரண்டு மண் இருந்தால் இரண்டு என்று முன்னாடியே சொல்லியிருப்பான்.

அவனுக்குக் கல்யாணம் நடந்ததே ஒரு குழாயால்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு பிளம்பர்களைத் தின்று ஏப்பம் விட்ட குழாய். ஏழாவதாக ரெஞ்சு போனான். விரலை வைத்தான், கண்ணை மூடினான், கால் சுற்றுத் திருகினான், முடிந்தது. கண்டக்டர் நம்பவில்லை. ஸ்டூலைப் போட்டு, குழாயில் காதை வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தலையைத் தூக்கிக் கேட்டார்:

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

கண்டக்டரின் பெண், சொட்டுக்கு வைத்திருந்த வாளியின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "அப்பா, இந்த வாளிய எடுத்துடட்டுமா, இல்ல இவரு பதில் சொன்னப்புறம் எடுக்கட்டுமா?" என்றாள்.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். மாப்பிள்ளை கையைத் தவிர வேற்றாள் கை எதன்மேலும் படக்கூடாது. மே மாதம் கதவுத் தாழ்ப்பாள் உடைந்தால் டிசம்பர் கடைசி வரைக்கும் கயிறு போட்டுக் கட்டிவைப்பார்கள். ஜூனில் மின்விசிறி நின்றால் ஆறு மாதம் விசிறிமட்டைதான். கையில் தூக்குகிற அளவு சாமான் என்றால் ஒரு பழைய தகரப் பெட்டியில் போட்டு மூடுவார்கள். அதற்குப் பேரே மாப்பிள்ளைப் பெட்டி. பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை மாமியாரிடம் வாயைக் கொடுத்தாள்.

"ஏன்க்கா இப்படிக் கஷ்டப்படுறீங்க, தெருமுனைல கடை இருக்கே, ஒரு ஆளக் கூப்பிடக்கூடாதா?"

"ஏண்டியம்மா, எங்க மாப்பிள்ளை என்ன செத்தா போயிட்டாரு?"

அதற்கப்புறம் அவள், கட்ட இன்னொரு கயிறு வேண்டுமா என்று மட்டும்தான் கேட்டாள்.

வருஷக் கடைசி நாலு நாள் இரண்டு மகள்களும் மாப்பிள்ளைகளோடு அங்கே வந்துவிட வேண்டும். சின்ன மாப்பிள்ளை ஆபீஸ்காரன். அவன் தூங்கும்போதுகூடச் சட்டையில் மடிப்புக் கலையாது. அவனுக்கு நாற்காலி, நாளிதழ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் டீ. ரெஞ்சுக்கு நாற்காலி கிடையாது. அவன் எங்கேயாவது தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். ஆனால் மாமனார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார். வேலை முடிந்ததும் எழுந்து நின்று, சர்வீஸில் இருந்த காலத்து விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதுவார். "ரைட்! மாப்பிள்ளை கை வச்சாச்சு!" அந்த விசிலுக்காக ரெஞ்சு வருஷம் பூராக் காத்திருப்பான். ஆபீஸ் சகலைக்கு எத்தனை டீ கொடுத்தாலும் விசில் கிடைத்ததில்லை.

இந்த வருஷம்தான் வினை வந்தது.

எட்டு மாதமாக வலது கை சரியில்லை. முதலில் கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரலிலும் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. அப்புறம் கையுறை போட்ட மாதிரி. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒருநாள் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் கதையடித்தான். சூடு உறைக்கவில்லை. கொப்புளம் வந்த பிறகுதான் டீ சூடாக இருந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"நரம்பு நசுங்கியிருக்கு. இத்தன வருஷமா இந்தக் கையால என்ன பண்ணீங்க?"

"குழா திருகினேன் சார்."

"இனிமே திருகாதீங்க. ஆபரேஷன் பண்ணலாம். வலி போகும். உணர்ச்சி திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

"எப்ப வந்திருக்கணும் சார்?"

"வலிச்சப்ப."

வலி என்றால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம், அப்படித்தான் அவன் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான்.

விஷயம் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும். காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவள்தான். டிசம்பர் பிறந்ததும் ரெஞ்சு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாக்காக எடுத்துப் பார்த்தான். காய்ச்சல் என்றான். பெரிய கட்டடத்தில் வேலை வந்திருக்கிறது என்றான்.

"இந்த வருஷம் போகலன்னா என்ன இப்ப? தலையா போயிடும்?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு வருஷம் போகலன்னா எங்கப்பா ஆம்புலன்ஸ எடுத்துக்கிட்டு இங்க வந்து நிப்பாரு. பரவால்லையா?"

"அப்ப என் கை?"

"நான் பாத்துக்கறேன், வாங்க. நாலு நாள்தான. விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க. நமக்கு ஒரு நாள் கூட."

ரெஞ்சுக்கு இருந்த பயம் வேறு. அவன் படிக்காதவன், பின்னால் சொத்து சுகம் கிடையாது. அந்த வீட்டுக்குள் அவன் கொண்டுபோனது ஒரு கை. மாமனார் பெண்ணைக் கொடுத்தது அந்தக் கைக்கு. அது போய்விட்டது என்று தெரிந்தால் அங்கே மிச்சம் நிற்கிறவன் யார் என்று அவனுக்கே தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி போய் இறங்கினார்கள். கருவிப் பையை அவளே தூக்கிக்கொண்டாள். ஆனை கனம் கனக்கிற பை.

"நீ எதுக்குடி தூக்குற?" என்றார் மாமனார்.

"உடம்பு குறையணும்னு டாக்டர் சொன்னாருப்பா."

கூடத்து நடுவில் மாப்பிள்ளைப் பெட்டி இருந்தது. ரெஞ்சு வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். மாமியார் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது. வேறு ஒன்றுமில்லை.

"என்னன்னே தெரியல மாப்பிள்ளை, இந்த வருஷம் ஒரு சாமானும் ஒடையல. எல்லாம் நீங்க போன வருஷம் கை வச்சது. நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

ரெஞ்சுக்கு அந்தக் கரப்பானைத் தூக்கி முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. ஆனால் சந்தோஷத்தை வெளியே காட்டினால் ஏன் என்று கேட்பார்களே. அதனால் முகத்தை ஒரு முழத்துக்குத் தொங்கப்போட்டான். "அப்படியா அத்தை... ஒண்ணுகூட இல்லையா..." என்று, சாவு வீட்டில் கேட்கிற குரலில் கேட்டான். நடிப்பு பிரமாதமாக வந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஏனென்றால் மாமனார் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் துண்டு மாட்டுகிற கம்பி சுவரிலிருந்து கழன்று விழுந்தது. மாமனார் விசிலை எடுத்து, பஸ்ஸை நிறுத்துகிற ஒற்றை ஊதல் ஊதினார்.

"ஹோல்டேன்! மாப்பிள்ளை, ஒரு வேல வந்திருக்கு!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். ரெஞ்சு கம்பியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், நாற்காலியில் இருந்த சகலையைப் பார்த்தான்.

"மாமா, இதுக்கு நான் எதுக்கு? இது ஒண்ணாங் கிளாஸ் வேல. சகலைக்குக் கத்துக்குடுப்போம். எத்தன நாளைக்குத்தான் பேப்பரையே படிப்பாரு, பாவம்."

சகலை மடிப்புச் சட்டையோடு வந்து, திருப்புளியைப் பேனா மாதிரி பிடித்து, நாலு திருகாணிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். கம்பி கோணலாக நின்றது. ரெஞ்சு, "சூப்பர் சகல, துண்டு தானா வழுக்கி உங்க கைக்கே வந்துரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் விசிலை ஊதாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் சாமான் அறைத் தாழ்ப்பாள் கழன்றது. ரெஞ்சும் பெண்டாட்டியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் திருகினாள். அவன் வெளியே கேட்கிற மாதிரி "ம்ம்... ஏறு... ஏறுடா கண்ணு" என்று முக்கினான். மறுநாள் நாற்காலிக் கால் ஒன்று ஆடியது. ரெஞ்சு அதில் ஏறி உட்கார்ந்து, "மாமா, இப்படிக் கொஞ்சம் சாஞ்சிருந்தாத்தான் முதுகுக்கு நல்லது, வெளிநாட்டுல இத அதிக விலைக்கு விக்கிறான்" என்று சமாளித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு வருஷம் முழுக்க ஒன்றுமே உடையாத வீட்டில் இரண்டு நாளில் மூன்று சாமான் எப்படிக் கழன்றது என்று யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை.

சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் அதைவிடக் கஷ்டம். மரத்துப்போன விரலால் சோற்றைப் பிசைந்தால் பாதி தட்டில், பாதி மடியில். அதனால் கரண்டி கேட்டான். மாமியார் கரண்டியைக் கொடுத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை புதுசா இருக்கு?"

"ஆபீஸ்காரங்கல்லாம் கரண்டியிலதான் சாப்பிடுறாங்க அத்தை. நாமளும் எப்ப முன்னேறுறது?"

"நான் கையாலதானே சாப்பிடுறேன்?" என்றான் சகலை.

"நீங்க எப்பவோ முன்னேறிட்டீங்க சகல, இப்ப எறங்கி வர்றீங்க."

மாமியார் சிரிக்கவில்லை. கரண்டி இடது கையில் இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம். பெண்கள் சமையலறையில், சகலை நாளிதழில், ரெஞ்சு சாய்ந்த நாற்காலியில். இன்னும் ஒரே ஒரு நாள், நாளைக்கு மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் தப்பித்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தான். குளியலறையில் படார் என்று ஒரு சத்தம். அதன் பின்னால் ஆறு பாய்கிற மாதிரி இன்னொரு சத்தம். அதற்கும் மேலே மாமனாரின் குரல்.

"ஹோல்டேன்! ஹோல்டேன்! ஹோல்டேன்!"

முப்பது வருஷம் அந்தக் குரலுக்கு பஸ் நின்றிருக்கிறது. தண்ணீர் நிற்கவில்லை.

எல்லோரும் ஓடினார்கள். சுவரில் குழாய் வளைந்து வருகிற எல்போ முழுசாக முறிந்து தரையில் கிடந்தது. அது இருந்த ஓட்டையிலிருந்து கை மொத்தத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாமனார் அதை உள்ளங்கையால் அடைத்தார், முடியவில்லை. திரும்பி நின்று முதுகால் அடைத்தார். முதுகைச் சுற்றி நாலு பக்கமும் விசிறி மாதிரி தண்ணீர் விரிந்தது. பக்கத்தில் ஒரு ரெஞ்சு கிடந்தது. அவனுடைய பையிலிருந்த பெரிய ரெஞ்சு. அது அங்கே எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் திரும்பி அவனைத்தான் பார்த்தார்கள். பயமில்லாமல் பார்த்தார்கள், அதுதான் கொடுமை. வீட்டில் பிளம்பர் இருக்கும்போது என்ன பயம்?

"மேல போயி வால்வ மூடிட்டு வரேன். யாரும் வராதீங்க, வழுக்கும்!" என்று கத்திவிட்டு, ரெஞ்சை எடுத்துக்கொண்டு படியேறினான்.

மொட்டைமாடியில் வெயில். தொட்டி ரெண்டாயிரம் லிட்டர், காலையில்தான் நிரப்பியிருந்தார்கள், வாய் வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. அடியில் கேட் வால்வு. அதன் சக்கரம் துருவேறி, யாரும் தொடாமல் பல வருஷம் இருந்திருக்கும். அவனே வைத்த வால்வுதான். சின்ன வேலை. அவன் இதைப் போல ஆயிரம் மூடியிருக்கிறான், பேசிக்கொண்டே, பீடி குடித்துக்கொண்டே, ஒருமுறை தூங்கிக்கொண்டேகூட.

வலது கையால் சக்கரத்தைப் பிடித்தான். பிடித்தானா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். திருகினான், வழுக்கியது. இடது கையால் பார்த்தான், அசையவில்லை. ரெஞ்சை மாட்டி, வலது கையை அதன்மேல் வைத்து, இடது கையால் அதை அமுக்கிக்கொண்டு மொத்த உடம்பையும் சாய்த்தான்.

துருப்பிடித்த வால்வுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. கொஞ்சம் திருக வேண்டும், கொஞ்சம் விட வேண்டும், மறுபடி கொஞ்சம். உள்ளே இருக்கிற தண்டு இளகுகிறதா, முறுகுகிறதா என்று விரல் சொல்லும். முறுகும்போது ஒரு சின்ன நடுக்கம் வரும், கொசு சிறகடிக்கிற அளவு நடுக்கம். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

விரல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சாய்ந்துகொண்டே இருந்தான்.

டக் என்று ஒடிந்தது. சக்கரம் தண்டோடு கையில் வந்துவிட்டது. வால்வு திறந்தபடியே கிடந்தது. இனி ஆண்டவனே வந்தாலும் அதை மூட முடியாது.

பின்னால் பெண்டாட்டி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவன் சக்கரத்தை அவளிடம் நீட்டினான், உடைத்த பொம்மையை நீட்டுகிற பிள்ளை மாதிரி.

"நான் ஒடச்சிட்டேன்மா. நானே ஒடச்சிட்டேன். புதுசா வேலைக்கு வந்தவன்கூட இப்படி ஒடைக்க மாட்டான்."

"சரி, எழுந்திருங்க."

"மூட வேற வழியே இல்ல."

"இல்லன்னா காலியாகட்டும். தண்ணிதான, கடலா?"

"கீழ போயி என்ன சொல்லுவேன்?"

அவள், வெயிலுக்கு முந்தானையை அவன் தலையில் இழுத்துவிட்டாள்.

கீழே தண்ணீர் கூடத்துக்கு வந்திருந்தது. கட்டையில் துணி சுற்றி அடித்தால் அடைக்கலாம். அதை அடிக்கிற பிடி அவனிடம் இல்லை, சொல்லிக்கொடுத்துச் சகலை அடித்த கட்டை மூன்று தரமும் துப்பாக்கிக் குண்டு மாதிரி திரும்பி வந்து எதிர்ச்சுவரில் மோதியது. வெளிவாசலில் படி உயரம். தண்ணீர் வெளியே போகாமல் வீட்டையே தொட்டியாக்கிக்கொண்டிருந்தது. சகலை போனை எடுத்து, கிடைத்த பிளம்பருக்கெல்லாம் அடித்தான். ஏழு பேர். ஒருத்தர் விடாமல் ஒரே பதில்.

"என்னவாம்?" என்றாள் கொழுந்தியாள்.

"எல்லாரும் மாமனார் வீட்டுல இருக்காங்களாம்."

கடைசியில் பாத்திரத்தால் மொண்டு ஊற்றிக் கை ஓய்ந்து, எல்லோரும் பெரிய கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆறு பேர், ஒரு கட்டில். மாமனார் நனைந்த கோழி மாதிரி ஓரத்தில் இருந்தார். பழக்கதோஷம், "உள்ள தள்ளி உக்காருங்க, எடம் இருக்கு" என்றார் மெல்ல. யாரும் சிரிக்கவில்லை. கீழே ஒற்றைச் செருப்பு ஒன்று கப்பல் மாதிரி கூடத்துக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி அறைக்குள் வந்தது. ரெண்டாயிரம் லிட்டர் காலியாக எவ்வளவு நேரமாகும் என்று மாமியார் கேட்டாள்.

"முக்கால் மணி நேரம் அத்தை" என்றான் ரெஞ்சு. அதைச் சொல்ல மட்டும் அவனுக்கு முடிந்தது.

"வால்வு மூடலையா மாப்பிள்ளை?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"எல்லாம் என்னாலதான்."

"உங்களாலயா?"

"நான்தான் கழட்டினேன். கம்பி, தாழ்ப்பாள், நாக்காலி, எல்லாம் நான்தான். பெட்டில ஒண்ணுமில்லன்னு சொன்னதும் மாப்பிள்ளை மூஞ்சிய தொங்கப்போட்டுட்டாரு. எனக்கு மனசு கேக்கல. கம்பிய கழட்டினா சகலைக்கிட்ட குடுத்துடுறாரு. சின்ன வேல அவரு கௌரவத்துக்குப் பத்தல போலன்னு நெனச்சேன். அதான் ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டு ஒழுகற மாதிரி அந்த எல்போவ லேசா..."

"லேசா!" என்றாள் மாமியார். "வீடு மெதக்குது!"

"பெட்டில ஒண்ணுமில்லாம ஒரு மனுசன் சும்மா வந்து சும்மா போனா, அவனுக்கு எப்படி இருக்கும்டி? ரிட்டையர் ஆனப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

ரெஞ்சு அவரைப் பார்த்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, எழுபது வயது மனுஷர், திருடி மாட்டிக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்திருந்தார். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பூராவும் அவர் தலையில் விழும். விழட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தான். அப்புறம் கையில் இருந்த வால்வுச் சக்கரத்தைக் கட்டில்மேல் வைத்தான்.

"சந்தோஷத்துலதான் மாமா மூஞ்சிய தொங்கப்போட்டேன். வேல இல்லன்னு சந்தோஷம். என் கை போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"செத்துப்போச்சு. இந்த மூணு விரல். ஒண்ணும் தெரியல. வால்வையும் நான்தான் ஒடச்சேன்."

சகலை ஏதோ சொல்ல வாயெடுத்து, கொழுந்தியாள் கிள்ளியதில் மூடிக்கொண்டான். மாமியார் நகர்ந்து வந்து அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலைக் கிள்ளினாள்.

"இது தெரியுதா?"

"இல்ல அத்தை."

நல்லாக் கிள்ளினாள். "இது?"

"நீங்க கிள்ளுறது தெரியுது. கண்ணால."

கொழுந்தியாள் வந்து தொட்டுப் பார்த்தாள். சகலை பேனா மூடியால் குத்திப் பார்த்தான், "இது தெரியணுமே சகல, கூரா இருக்கே" என்றான் கெஞ்சுகிற மாதிரி. ஆளாளுக்கு அந்த மூன்று விரலைத் தொட்டார்கள், தட்டினார்கள், மடக்கி நீட்டினார்கள். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு சாமானையும் அவன் தலையில் கட்டியவர்கள், இப்போது அவன் கையையே சாமானாகப் பிடித்துக்கொண்டு எங்கே பிடிப்பது, எதைத் திருகுவது என்று தெரியாமல் விழித்தார்கள். பெண்டாட்டி மட்டும் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த விரல்தான்.

கடைசியாக மாமனார் வந்தார். இரண்டு விரலை அவன் மணிக்கட்டில் வைத்தார். அவன் குழாயில் வைப்பானே, அதே மாதிரி. கண்ணை மூடினார். எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். ரெஞ்சுகூடப் பார்த்தான், கிறுக்குத்தனமாக ஒரு நப்பாசையோடு.

"எனக்கு ஒண்ணும் தெரியல மாப்பிள்ளை" என்றார்.

கொஞ்ச நேரத்தில் குளியலறைச் சத்தம் மெலிந்தது. ஒரு கொப்புளம், ஒரு ஏப்பம், அப்புறம் நின்றுவிட்டது. தொட்டி காலி. யாரும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இறங்கி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும் துடைத்தார்கள். இடுப்பு ஒடிந்துபோய் எட்டு மணிக்கே படுத்துவிட்டார்கள். புது வருஷம் வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தானே உள்ளே வந்திருக்க வேண்டும்.

காலையில் பெண்டாட்டிதான் அந்தப் பெரிய ரெஞ்சைக் கையில் எடுத்தாள். முறிந்த இடத்தில் ஒரு அடைப்பானைத் திருகிவிட்டால் குளியலறை போனாலும் சமையலறைக்குத் தண்ணீர் வரும். ரெஞ்சு வாசல்படியில் நின்று வாயால் வேலை செய்தான்.

"டேப்ப சுத்து. எதிர்ப்பக்கம். எட்டுச் சுத்து. இப்ப உள்ள விட்டுத் திருகு. ம்... ம்..."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவுன்னு சொல்லுங்களேன்!"

"அது... ஒரு மாதிரி கெட்டியா ஆகும். அந்த எடத்துல நிறுத்தணும்."

"எந்த எடம்? எனக்கு எல்லாமே கெட்டியாத்தான் இருக்கு."

அவன் கையை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான். "உன் கைக்குத் தெரியும்" என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குத்துமதிப்பான இடத்தில் நிறுத்தினாள். மாமனார் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். ஊதலாமா வேண்டாமா, யாருக்கு ஊதுவது என்று தெரியாமல் அதைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். அடைப்பான் தாங்கியது. எல்லோரும் சமையலறையில் டீக்கு உட்கார்ந்தார்கள். ரெஞ்சுக்குச் சாய்ந்த நாற்காலி. யாரோ அவனுக்கு முன்னால் கரண்டியை எடுத்து வைத்திருந்தார்கள், டீக்கு எதற்குக் கரண்டி என்று யாரும் கேட்கவில்லை.

டொக்.

காலியான தொட்டியின் அடிவண்டல் குழாய்க்குள் இறங்கியிருக்கும். ஒரு மண் போதும். பத்தொன்பது வருஷமாக ஒரு சொட்டுச் சொட்டாத சமையலறைக் குழாய். மாமனார் காதை வைத்துக் கேட்ட குழாய்.

டொக்.

கேட்டவர்கள் ஆறு பேர். ஒருத்தரும் திரும்பவில்லை. சகலை திடீரென்று ஆபீஸில் புது மேனேஜர் வந்த கதையை உரக்க ஆரம்பித்தான். கொழுந்தியாள் அதைவிட உரக்க, "ஐயோ, அவரா!" என்றாள். மாமனார், முப்பது வருஷம் பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் கேட்ட குரலில், "பஸ்ஸு ஒரு மணிக்கா, ஒண்ணரைக்கா?" என்று கேட்டார். ஒண்ணரைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து ஒண்ணரைக்கு என்று கத்தினார்கள். ரெஞ்சும் கத்தினான், அவர்களோடு சேர்ந்து சிரித்தான், வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பேச்சு தீர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

டொக்.

மாமியார் எழுந்தாள். ஒரு பழைய துண்டை நாலாக மடித்து, குழாய்க்கு நேர் கீழே, சொட்டு விழுகிற இடத்தில் வைத்தாள். சத்தம் நின்றது.

"இன்னொரு டீ யாருக்கு?" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

"எனக்கு" என்றான் ரெஞ்சு. இரண்டாவது டீ முடிவதற்குள் துண்டு நனைந்து ஊறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். மாமியார் டம்ளரை அவனுடைய இடது கைப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மடிப்பதற்கு இன்னொரு துண்டைத் தேடப் போனாள்.